டயரில் கீரை விதைக்கலாமா?

கேள்வி: வீட்டில் காலி பெயின்ட் வாளிகள் ஆறு, சாமான் வந்து இறங்கிய மரப் பேலட்டுகள் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகள்) மூன்று, பழைய டயர்கள் இரண்டு, கணக்கில்லாத அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு கீரையும் தக்காளியும் போடலாம் என்று இருக்கிறேன். டயரில் வளர்த்தால் விஷம் என்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

பதில்: எந்தப் பழைய பொருளாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, இதற்கு முன் இதில் என்ன இருந்தது என்றுதான். பதில் தெரிந்தால் சாப்பிடும் செடிக்குக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் பூச்செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டயரிலிருந்தே தொடங்குவோம். ரப்பரைப் பதப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். டயர் தேயத் தேய, அதில் வெடிப்பு விழ விழ, அது மெல்ல மண்ணில் இறங்கும். துத்தநாகம் செடிக்குத் துளியளவு வேண்டும், கூடினால் கெடுதல். ஒரு முறை கீரை பறித்துச் சாப்பிட்டால் ஆபத்து என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் வேறு வழி இருக்கும்போது இந்தச் சந்தேகத்தை ஏன் தட்டில் வைக்க வேண்டும்?

உண்மையில் டயரைப் பார்த்தால் எனக்குக் கொசு நினைவுதான் முதலில் வரும். அதன் உள்வளைவில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடந்து, மறுபடி ஈரம் பட்டதும் பொரிக்கும். வெப்பமான நாட்களில் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். அதனால் டயரைப் படுக்கவைத்து, கீழ்ப்பக்கச் சுவரில் நாலைந்து துளை போட்டு, உள்வளைவு முழுக்க மண்ணைத் திணித்துப் பூச்செடி வையுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் வீட்டில் வைத்திருக்காமல் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

பேலட்டில் முத்திரையைத் தேடுங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளில் கதிர் போன்ற ஒரு சின்னமும் சில ஆங்கில எழுத்துகளும் குத்தியிருப்பார்கள். ‘ஹெச்.டி.’ (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள், மருந்து எதுவும் இல்லை. ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது. அதை நான் எதற்கும் எடுப்பதில்லை. முத்திரை சரியாக இருந்தாலும் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, மருந்து வாடை இருக்கிறதா என்று மோந்து பாருங்கள், மேலே ஏற்றி வந்த சரக்கு என்ன சிந்தியது என்று முத்திரை சொல்லாது. மரத்தில் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் உப்புத்தாள் போடவே வேண்டாம். அதில் ஈயம் இருந்தால் அந்தத் தூசிதான் மோசம்.

பெயின்ட் வாளி கொஞ்சம் சங்கடமான விஷயம். பார்க்க உறுதியாக, கைப்பிடியோடு, தொட்டிக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் சுவர் பெயின்ட்டில் பூஞ்சை வராமல் இருக்க மருந்து கலப்பது வழக்கம், எவ்வளவு தேய்த்தாலும் ஒரு படலம் மிஞ்சும். தக்காளிக்கு, உணவுப் பொருள் வந்த வாளியாகத் தேடுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் பிளாஸ்டிக் வகை நல்லதுதான். ஆனால் அந்த எண் பிளாஸ்டிக்கின் ரகத்தை மட்டும்தான் சொல்கிறது, உள்ளே என்ன இருந்தது என்பதை அல்ல. பூச்சிமருந்தோ ஆசிட்டோ வந்த கேனை எந்தச் செடிக்கும் தொடாதீர்கள்.

துளை போடும்போது ஆணியைச் சுட்டுக் குத்தாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல, துளைக்கருவி போதும். அடியில் ஓட்டுச் சில்லும் ஜல்லியும் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி, வேர் நிற்கும் இடம் இன்னும் குறையும். அடிவரை மண்கலவையே போடுங்கள். அப்புறம் ஒன்று, 20 லிட்டர் வாளியில் ஈரமண் நிரம்பினால் 25, 30 கிலோ வரும். வெயிலில் நொய்ந்த கைப்பிடியை நம்பித் தூக்கி, வாளியைக் காலில் போட்டுக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. மொட்டை மாடி என்றால் எல்லாவற்றையும் நடுவில் குவிக்காமல் சுவரோரமாகப் பரப்பி வையுங்கள்.

அட்டைப்பெட்டிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டேப்பையும் பின்னையும் பிடுங்கிவிட்டு, பளபளப்பான பூச்சு உள்ளவற்றை ஒதுக்கிவிடுங்கள். மீதியைப் புல் மண்டிய இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்கும்படி விரித்து, நன்றாக நனைத்து, மேலே சருகோ மக்கிய உரமோ மூடுங்கள். வெளிச்சம் கிடைக்காமல் புல் சாகும், சில மாதங்களில் அட்டையும் மண்ணோடு மண்ணாகும். கரையான் உள்ள இடமென்றால் வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் விரிக்காதீர்கள்.