தீராத நோய் இருக்கும்போது நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் சேரலாமா?

சேரலாம் என்பதுதான் என் பதில். குணமாகாத நோய், மருந்து தொடர்கிறது, டாக்டர் பிடிகொடுத்துப் பேசவில்லை, வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. இந்த நிலையில் ஒரு தொண்டு அமைப்புக்காக நூறு கிலோமீட்டர் மிதிக்கப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது. மாத்திரையும் ஊசியும் நடந்துகொண்டிருக்கும்போதே இப்படி ஒரு பயணத்தில் கலந்துகொண்டேன்.

முதலில் டாக்டர். "சைக்கிள் ஓட்டலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "ரொம்ப அலட்டிக்காதீங்க" என்றுதான் பதில் வரும். அவர் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. குறிப்பாகக் கேளுங்கள். நான் விழுந்தால் எந்த எலும்பு முறியும்? ஹீமோகுளோபின் எவ்வளவுக்குக் கீழே போனால் அந்த வாரம் சைக்கிளைத் தொடக் கூடாது? ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களுக்கு எல்லை எது? நான் சாப்பிடும் மருந்து இதயத்தைப் பாதிக்குமா, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டுமா? என் டாக்டர் முதல் கேள்விக்கே ஸ்கேன் படம் இருந்த திரையை என் பக்கம் திருப்பி, முதுகெலும்பில் நோய் அரித்திருந்த இரண்டு இடங்களில் பேனா முனையை வைத்துக் காட்டினார். அதோடு பல விஷயங்கள் தானாக முடிவாகிவிட்டன. குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிள் கிடையாது. நிமிர்ந்து உட்காரும் சைக்கிள், அகலமான டயர், குண்டு குழி இல்லாத சாலை.

மைலோமாக்காரர்களுக்குச் சிறுநீரகமும் ஒரு கவலை. உடம்பில் தண்ணீர் குறையவே கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களில் சிலர் இவற்றை மிட்டாய் மாதிரி சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றால் பக்கத்தில் வருகிறவர் அன்பாக ஒன்றை நீட்டுவார். வாங்காதீர்கள்.

பயிற்சி அட்டவணை என்று இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஆரோக்கியமானவர்களுக்கு எழுதியது. நம்முடைய அட்டவணையை மருந்துதான் தீர்மானிக்கும். எனக்கு வாரம் ஒரு நாள் டெக்ஸாமெதாசோன். அன்றும் மறுநாளும் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம் போலத் தோன்றும். ராத்திரி தூக்கமும் வராது. அது ஸ்டீராய்டு தரும் தெம்பு. அதற்கடுத்த நாள் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும், மாடிப்படியைப் பார்த்தாலே யோசனையாக இருக்கும். போதாததற்குத் தொடைத் தசையையும் அது மெலிய வைக்கிறது. அதனால் நீண்ட ஓட்டத்தை மருந்தின் வேகம் இறங்கி, களைப்பும் ஓரளவு தெளிந்த நாட்களில்தான் வைத்துக்கொண்டேன். கீமோ எடுக்கிறவர்களுக்கு வேறு கணக்கு: பெரும்பாலான மருந்துகளில் ஏற்றிய ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு வரும். அந்த நாட்களில் கூட்டமாக ஓட்டப் போக வேண்டாம்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பையும் பெரிதாக நம்பாதீர்கள். ரத்தசோகை இருந்தால் துடிப்பு சும்மாவே எகிறும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு மிதித்தாலும் அதிகம் ஏறாது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா என்பதுதான் எனக்கு அளவுகோல். தனியாக ஓட்டும்போது வாய்விட்டுப் பேசிப் பார்ப்பேன். எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

மைலோமாவுக்குப் போடும் போர்டெசோமிப் ஊசியால் என் விரல் நுனியும் பாதமும் மரத்துப் போயின. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே விரலுக்குத் தெரியாது. லேசாக அழுத்தினாலே பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு மாறி, பிரேக் லிவரை விரலுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டேன். ஷூவைப் பூட்டும் பெடல் வேண்டாம், சாதாரணத் தட்டைப் பெடல் போதும். பாதத்தில் உணர்வு இல்லாதபோது பூட்டைச் சட்டென்று விடுவிக்க முடியாமல் நின்ற இடத்திலேயே சாய வேண்டியிருக்கும். மின்சார சைக்கிளை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அனுமதித்தால் தயங்காமல் எடுங்கள்.

சரி, உடம்புக்கு இவ்வளவு போதும். நான் அதிகம் பயப்படுவது நிதி கேட்டு இணையத்தில் நாம் வைக்கும் நன்கொடைப் பக்கத்தைப் பார்த்துத்தான். "நூறு கிலோமீட்டரை முடித்தே தீருவேன்" என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு நன்கொடையும் கழுத்தில் ஒரு பாரம். உறவுக்காரர்களும் கூட வேலை பார்க்கிறவர்களும் "நீங்க போராளி" என்று செய்தி போடுவார்கள். நல்ல மனசோடுதான் போடுகிறார்கள், ஆனால் தலை சுற்றும்போது இறங்கவிடாமல் செய்வது அதுதான். என் பக்கத்தில் இப்படித்தான் எழுதினேன்: "அன்று காலை சைக்கிளில் ஏறுவேன். உடம்பு விடும் வரை ஓட்டுவேன். வீட்டிலேயே இருக்க வேண்டி வந்தாலும் உங்கள் பணம் அமைப்புக்குப் போய்ச் சேரும்." கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொன்னவர்களிடம், மொத்தமாக ஒரு தொகையாகக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கடைசியில் ஒரு மலைப்பகுதியை உதவி வண்டியில் உட்கார்ந்துதான் கடந்தேன். யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

பாதியில் நின்றால் நிதி வராது என்று நினைக்கிறவர்களுக்கு டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொல்வேன். அவர் சைக்கிள் ஓட்டவில்லை, ஓடினார். புற்றுநோயால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980ல் கனடாவைக் கடக்கக் கிளம்பினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே நகருக்கு அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. பணத்தில் பெரும்பகுதி வந்தது அவர் நின்ற பிறகு. 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி கனடா டாலரைத் தாண்டிவிட்டது. ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்ற சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய், தனக்கு நான்காம் நிலை புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, 2025 செப்டம்பரில் கிளாஸ்கோவில் 'டூர் டி 4' என்று ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். பெயரில் உள்ள 4 அந்த நான்காம் நிலைதான். அவர் உடல்வாகும் பயிற்சியும் நமக்கு வராது. "அவரே ஓட்டுகிறார், உனக்கென்ன" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களை வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நோயாளி என்றால் படுத்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம் பழசாகிவிட்டது. வாரம் மூன்று முறை அரை மணி நேர மிதமான உடற்பயிற்சி களைப்பையே குறைக்கிறது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு புற்றுநோயாளிகளுக்காக வெளியிட்ட 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அதில் நூறு கிலோமீட்டர் பற்றி ஒன்றும் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் என் மனைவியிடம் ஒரு அதிகாரத்தைக் கொடுத்தேன்: உதவி வண்டியில் அவள் வருவாள், அவள் "போதும்" என்றால் நான் ஏன் என்று கேட்காமல் இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டாள். மலைக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவள்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினேன், ஆனால் ஏறினேன்.

அப்புறம், பதிவுப் படிவத்தில் உடல்நிலை பற்றிக் கேட்கும் இடத்தில் எதையும் மறைக்காதீர்கள். நோயின் பெயர், மருந்துகள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டால் அதுவும். இதையே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் மறுத்தால், குறைந்த தூரம் உள்ள வேறு நிகழ்ச்சியைத் தேடலாம்.