ஒரு புள்ளிக்கு அடியில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. டேட்டாபேஸை ஃபிரேம்வொர்க்கே (ஆயத்தமாகக் கிடைக்கும் கோடுத் தொகுப்பு) பார்த்துக்கொள்ளும், டேட்டாபேஸிடம் பேசுகிற எஸ்க்யூஎல் மொழி தெரிய வேண்டியதில்லை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் எழுதிய ஆர்டர் பட்டியல் என் லேப்டாப்பில் உடனே வந்து நிற்கிறது. சர்வரில் ஏற்றினால் 15 விநாடி ஆகிறது. கோடைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

பதில்: கோடில் தேடினால் கிடைக்காது, டேட்டாபேஸிடம் போகிற ஒவ்வொரு கேள்வியையும் (குவெரி) பதிந்து வைக்கிற குவெரி லாக்கை ஆன் செய்து பாருங்கள். நீங்கள் கோடை அனுப்பவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. ஆர்டர்களை எல்லாம் ஒரே வரியில் எடுத்துவிட்டு, ஒரு லூப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ஆர்டர்.கஸ்டமர்.பெயர்’ என்று காட்டுகிறீர்கள், சரிதானே? பார்ப்பதற்கு அது மெமரியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரைப் படிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஆர்டருக்கும் கஸ்டமருக்கும் நடுவில் இருக்கிற அந்தப் புள்ளியில்தான் ஃபிரேம்வொர்க் சத்தமில்லாமல் டேட்டாபேஸுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறது. உங்கள் லேப்டாப்பில் 10 ஆர்டர், டேட்டாபேஸும் அதே மெஷினில், 11 குவெரி போனால் யாருக்குத் தெரியும்? சர்வரில் 5,000 ஆர்டர் இருந்து, டேட்டாபேஸ் வேறொரு மெஷினில் இருந்து, ஒரு நடைக்கு வெறும் 3 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டாலும் 5,001 நடைக்கு 15 விநாடி ஆகிவிடும். இது ரொம்பப் பேருக்கு நடப்பது, ‘என் ப்ளஸ் ஒன்’ பிரச்சினை (பட்டியலுக்கு ஒரு குவெரி, அதிலுள்ள ஒவ்வொரு ஆர்டருக்கும் இன்னொன்று) என்று பெயரே இருக்கிறது.

தீர்வு ஒரு வரிதான். ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் ‘செலக்ட் ரிலேட்டட்’, ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கில் ‘இன்க்ளூட்ஸ்’, அதாவது கஸ்டமரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிடுவது. ஆனால் அதை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பது ஜாயின் (அட்டவணைகளை இணைத்து எடுப்பது) என்றால் என்னவென்று தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். ஒரே ஆர்டரில் நான்கு பொருளும் மூன்று பேமென்ட்டும் இருக்க, இரண்டையும் ஒரே ஜாயினில் இழுத்தால் அந்த ஆர்டர் 12 வரியாகப் பெருகி வரும், கூட்டுத்தொகை தப்பாகும், அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் போகும் (எனக்குப் போயிருக்கிறது). எஸ்க்யூஎல் வேண்டாம் என்று கையில் கொடுத்த கருவியைச் சரியாகப் பிடிக்கவே எஸ்க்யூஎல் வேண்டியிருக்கிறது. அது தேவையில்லை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் எட்டு மாதமாக உங்கள் கோடு அடியில் செய்துகொண்டிருந்ததை உங்கள் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் வரிசை என்று படித்தேன். பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. திருப்பிப் போட்டால் கண்டபடி வருகிறது. பைத்தானில் கோளாறா?

பதில்: பைத்தான் சரியாகத்தான் எண்ணுகிறது, அது எண்ணுவது எழுத்தை இல்லை, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற முறை) குறியீடுகளை. த, ம, இகரக் குறி, ழ, மேலே வைக்கிற புள்ளி, ஆக ஐந்து. உயிர்க்குறியைத் தனியே வைக்கும் இந்த அமைப்பு இந்திய மொழிகளுக்கான 1988-ன் இஸ்கி குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு வந்தது. இந்த ஐந்தையும் பின்னாலிருந்து அடுக்கினால் புள்ளி எதன் தலையிலும் உட்கார முடியாமல் தனியாக முன்னால் நிற்கும், மி-யின் இகரக் குறி போய் ழ-வில் ஒட்டி ழி ஆகிவிடும், அப்புறம் ம, த. நீங்கள் பார்த்த குளறுபடி இதுதான். இதே சொல்லின் நீளத்தை கோ மொழியில் கேட்டால் 15 வரும், அது பைட்டை எண்ணுகிறது, யூனிகோடைப் பைட்டாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்குக் குறியீட்டுக்கு மூன்று பைட். ஸ்விஃப்ட்டில் கேட்டால் 3, நாம் எண்ணுவது போலவே.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ‘கொடி’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு வேறு என்று சொல்லும். ஒருவர் கண்ணெதிரே இருக்கும் தன் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டுகிறார், ‘இல்லை’ என்று வருகிறது, அவருக்கு எப்படி இருக்கும்? சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இந்தத் தொல்லை தீரும்.

கேள்வி: இப்போது ஏஐ-யே கோடு எழுதித் தருகிறது. இன்னும் அடிவரை போய்ப் படிக்கச் சொல்கிறீர்களா?

பதில்: அடிவரை வேண்டாம். நீங்கள் தினமும் கை வைக்கிற லேயருக்கு (அடுக்குக்கு) ஒரு படி கீழே போதும், அங்கே ஏதாவது முறுக்கிக்கொண்டால் அன்றைக்கு இன்னொரு படி.

எல்லா லேயரும் ஒரே அளவுக்குக் காலை வாருவதில்லை. 1957-ல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் குழு ஃபோர்ட்ரான் மொழிக்கான கம்பைலரை (நாம் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றுகிற நிரல்) வெளியிட்டபோது, கையால் எழுதுகிற அளவுக்கு வேகமான கோடு அதிலிருந்து வருமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். இன்று நாம் கம்பைலர் தந்த கோடைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கை அது சம்பாதித்தது: மொழிக்கு எழுதி வைத்த இலக்கணம் உண்டு, அதே கோடை அதே கம்பைலரிடம் கொடுத்தால் அதே பலன்.

இவ்வளவு நல்ல லேயரிலும் எண்கள் காலை வாரும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவதைப் பார்த்திருப்பீர்கள், பத்தில் ஒன்றை, கணினி எண்ணுகிற இருமத்தில் (0, 1 மட்டும்) முழுசாக எழுதவே முடியாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டதற்கு இதே பத்தில் ஒன்றுதான் காரணம். நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி, அதை விநாடியாக்க 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. துளியூண்டு பிழைதான், ஆனால் நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியதில் அது 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 28 வீரர்கள் இறந்தார்கள்.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். நாம் அதற்குச் சொல்வது பேச்சு மொழியில், ஒரே வாக்கியத்துக்கு இன்று ஒரு கோடு தரும், நாளை வேறு தரும். கம்பைலர் மேல் வைக்கிற நம்பிக்கையை அதன் மேல் வைக்க முடியாது, அது எழுதியதை வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும். முதல் கேள்வியில் வந்த அந்த லூப்பை அதுவும் எழுதித் தரும், பத்து ஆர்டரை வைத்துச் சோதித்துப் பார்த்தால் அதுவும் உடனே வந்து நிற்கும்.