ஆற்றைக் கடக்காமல் திரும்பிய பயிற்றுநர்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் நானும் என் கணவரும் புறவெளிக் கல்விப் பள்ளி ஒன்றை நடத்துகிறோம். வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கூடாரம் அடிப்பது, கயிற்றில் ஏறுவது, ஆற்றைக் கடப்பது என்று பயிற்சிகள் நடக்கும். எங்களிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இருவருக்கு மாதச் சம்பளம், நால்வருக்கு நாள்கூலி.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, 28 பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துச் சென்ற நாள்கூலிப் பயிற்றுநர் (22 வயதுப் பையன்), கடக்காமலேயே அவர்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டான். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். தண்ணீர் முழங்காலளவுதான். கேட்டால், "மலைப்பக்கம் இருட்டியிருக்கிறது, தண்ணீர் கலங்குகிறது" என்றான். அன்று ஆறு பெருகவே இல்லை. உடன் வந்த ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். 400 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். பையனைக் கடிந்துகொண்டேன். அடுத்த இரண்டு வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் செய்ததுதான் சரி என்கிறார் என் கணவர்.

நாங்கள் அலட்சியமானவர்கள் இல்லை. பெற்றோரிடம் பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பயிற்றுநர்களிடம் மாதம் 15 வெள்ளி பிடித்து நல்ல லைஃப் ஜாக்கெட்டுகளே வாங்கி வைத்திருக்கிறோம். புதிய பாதுகாப்புச் சட்டம் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கும் உண்டா? நான் செய்தது தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பேசுவது எளிது.

"அன்று ஆறு பெருகவே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான். பெருகியிருந்தால் பையன் கெட்டிக்காரன், பெருகாததால் பயந்தாங்கொள்ளி என்று ஆகிவிடுகிறது. ஆனால் கரையில் நிற்கும்போது அவன் கையில் இருந்தவை இரண்டே தகவல்கள்: மலையில் கருமேகம், கலங்கத் தொடங்கிய தண்ணீர். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர்ப் பெருக்குக்கு அவைதாம் முன்னறிவிப்பு. மேலே மலையில் மழை கொட்டும். மரமும் சருகும் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கும். அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒன்றாக இறங்கும். கீழே நிற்பவர் தலைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடா மாநிலம் யானில், ஜெராய் மலையடிவாரத்தில் அப்படி இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது உங்களுக்கும் நினைவிருக்கும். முழங்காலளவு தண்ணீரில் 28 பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது அது வந்தால் ஒரு பயிற்றுநர் எத்தனை பேரை இழுத்துக் கரை சேர்ப்பான்?

நான் பல ஆண்டுகள் ஒரு செம்பனை ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். கழிவுத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னபோது, வாயுவை அளக்காமல் இறங்கமாட்டேன் என்று ஓர் இளைஞர் நின்றுவிட்டார். அளந்தோம். நச்சுவாயு எதுவும் இல்லை. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேலி செய்தார். அதற்குப் பிறகு அந்த ஆலையில் 'அளந்தாயிற்றா' என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டால்தான் உண்டு. அதன் பிறகு பல மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை. நீங்கள் அந்தப் பையனைக் கூப்பிடாமல் விட்ட இரண்டு வாரத்தில் மற்ற ஐந்து பேரும் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி சட்டம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முன்பு பட்டியலிட்ட சில துறைகளுக்கு மட்டுமே பொருந்தியது. திருத்தம் நடப்புக்கு வந்த 2024 ஜூன் 1 முதல், வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை, கப்பல் போன்ற சில விலக்குகளைத் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. 'சின்ன இடம்' என்ற விலக்கு அதில் இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பாதுகாப்பு அதிகாரி அமர்த்தவேண்டிய கட்டாயம் இல்லாத இடத்திலும், ஊழியரில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்கவேண்டும். ஐந்து பேருக்கு மேல் என்றால் எழுத்தில் பாதுகாப்புக் கொள்கையும் வேண்டும். உங்களிடம் ஆறு பேர். முதலாளியின் அடிப்படைக் கடமையில் தவறினால் அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியாக இருந்தது, இப்போது 5 லட்சம். இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

அந்தப் பையன் பக்கமும் சட்டம் நிற்கிறது. தன்னையும் தன் வேலையால் பாதிக்கப்படக்கூடிய மற்றவரையும் காப்பதில் கவனமாக இருப்பது ஊழியரின் கடமை. அவன் செய்தது அதைத்தான். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால் வேலையை விட்டு விலகும் உரிமையும் திருத்தத்தில் வந்திருக்கிறது. அப்படி விலகியவரைத் தண்டிக்கவோ ஒதுக்கவோ கூடாது. உங்கள் 'கூப்பிடவில்லை' ஒரு விசாரணை அதிகாரியின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெற்றோர் கையெழுத்தை அதிகம் நம்பாதீர்கள். பிள்ளைகள் உங்கள் ஊழியர் இல்லை என்றாலும், உங்கள் தொழிலால் அவர்களுக்கு ஆபத்து நேராமல் பார்ப்பது இதே சட்டத்தில் உங்களுக்கு உள்ள தனிக் கடமை. அம்மா ஒப்பமிட்ட காகிதம் அதைத் துடைத்துவிடாது. பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்க அந்தப் படிவத்தைப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் அதற்குப் பயன்.

நாள்கூலிக்காரர் நால்வரையும் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதிந்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தற்காலிகம், பகுதிநேரம் என்பதெல்லாம் அங்கே விலக்கு ஆகாது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். காயப்பட்டவர் நான்கு நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கும் அறிக்கை போகவேண்டும்.

அபாய மதிப்பீடு என்றதும் ஆலோசகரைத் தேடிப் பணம் கொட்டாதீர்கள். உங்கள் அளவுக்கு முதல் வேலையை நீங்களே செய்யலாம். எது ஊறு செய்யும், எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு கேடு, என்ன தடுப்பு என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் எழுதவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அறையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்தப் பையனையே கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போங்கள். கல்லில் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதைத் தொட்டால் யாரும் இறங்குவதில்லை என்று வையுங்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மலைப்பக்கம் இடி கேட்டாலோ, கோட்டைப் பார்க்காமலே கரையேறவேண்டும். இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் நம் பக்கம் பிற்பகலில்தான் இடிமழை பிடிக்கும். ஆற்றுப் பயிற்சியைக் காலைக்கு மாற்றிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

கூடாரம் எங்கே அடிக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் பத்தாங் காலியில் மலைச்சரிவு முகாமின் மேல் விழுந்து 31 பேர் மாண்டார்கள். சரிவுக்குக் கீழேயும் ஆற்றின் வெள்ளக் கரையிலும் பிள்ளைகளைத் தூங்கவைக்காதீர்கள்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சலை மறந்துவிடுகிறோம். செம்பனை இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. அதற்காகத்தானே தோட்டங்களில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள்! 2010-இல் பகாங்கின் லூபோக் யூவில், மூழ்கியவரைத் தேடி ஆற்றில் இறங்கிய மீட்பாளர்களையே அந்த நோய் பிடித்தது. காலில் புண் உள்ள பிள்ளையை இறக்காதீர்கள். முகாம் முடிந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்று பெற்றோருக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தனுப்புங்கள். பயிற்றுநர்களுக்கும்தான், வாராவாரம் தண்ணீரில் நிற்பவர்கள் அவர்கள்.

இன்னொன்று, தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் கேட்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கேட் பூட்டியிருக்குமே, சாவி யாரிடம்? 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? ஆற்றங்கரையில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காவிட்டால், லைன் கிடைக்கும் இடம் வரை ஓட ஒருவர் வேண்டும். 28 பிள்ளைகளோடு ஒரே பயிற்றுநரை அனுப்பினால் அந்த ஒருவர் யார்?

பையனை இந்த வாரமே கூப்பிடுங்கள். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது உங்கள் பெருந்தன்மை. ஆனால் மற்ற ஐந்து பேர் இருக்கும்போது அவன் செய்தது சரி என்று சொல்வதுதான் இங்கே வேலைக்கு ஆகும். ஒருங்கிணைப்பாளர் பயிற்சிக்கு யாரை அனுப்பலாம் என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் அவன் பக்கமே கை காட்டியிருப்பேன்.

அந்த 15 வெள்ளி: சட்டப்படி கொடுக்கவேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு ஊழியரிடம் காசு பிடிக்கக்கூடாது. இதுவரை பிடித்ததைக் கணக்குப் பார்த்து, அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.