தண்ணீர் மாற்றியதால்தான் டிஸ்கஸ் செத்ததா?

கேள்வி: 200 லிட்டர் தொட்டியில் 6 டிஸ்கஸ் மீன்கள் வளர்க்கிறேன். அடிக்கடி தண்ணீர் மாற்றினால் டிஸ்கஸ் தாங்காது என்று கேள்விப்பட்டதால், நான்கு மாதமாக ஆவியாகிக் குறைந்த அளவை மட்டும் நிரப்பி வந்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. போன வாரம் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு இரவு முழுக்க வாளிகளில் வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் எல்லா மீன்களும் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கின. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிவதற்குள் ஒன்று செத்துவிட்டது. தண்ணீர் மாற்றுவதற்கு முன் பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6, மாற்றிய பிறகு 7.4. இனி தண்ணீரில் கைவைக்கவே பயமாக இருக்கிறது. எவ்வளவு, எப்போது, எப்படி மாற்றுவது?

பதில்: பிஎச்சை முன்னும் பின்னும் அளந்து வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். பலரும் "தண்ணீர் மாற்றினேன், மீன் செத்தது" என்று மட்டும்தான் எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஜோசியம்தான் சொல்ல முடியும். உங்கள் 5.6-உம் 7.4-உம் முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. பழைய தண்ணீருக்கும் புதிய தண்ணீருக்கும் நடுவே நான்கு மாதமாக வளர்ந்த இடைவெளிதான் அந்த மீனைக் கொன்றிருக்கிறது.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த வேலை நடக்கும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிக்கொள்ளும். மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்று சொல்வது இதைத்தான். போதுமான புதுத் தண்ணீர் வராவிட்டால் கேஎச் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும், பிறகு பிஎச் சரியத் தொடங்கும். 6-க்குக் கீழே இறங்கிவிட்டால் பாக்டீரியாவும் சோர்ந்து படுத்துவிடும். அன்றிலிருந்து அம்மோனியா மாற்றப்படாமல் தேங்கும். ஆனாலும் மீன் சாகாது. அமிலத் தண்ணீரில் அந்த அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியம் என்ற வடிவில்தான் இருக்கும். அம்மோனியம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. தண்ணீரும் தெளிவாகவே இருக்கும். இவை எதற்கும் நிறமில்லை என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த நிலையில்தான் நீங்கள் 100 லிட்டர் புதுத் தண்ணீரை ஊற்றினீர்கள். பிஎச் ஒரு புள்ளி ஏறினால் விஷமான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். 5.6-இலிருந்து 7.4 என்றால் சுமார் 60 மடங்கு. பாதித் தண்ணீரை வெளியே எடுத்ததால் மொத்தச் சரக்கு பாதியாகிவிட்டது என்று கழித்துக்கொண்டாலும் 30 மடங்கு நிற்கிறது. டிஸ்கஸுக்காக நாம் வைக்கும் 28, 29 டிகிரி வெப்பத்தில் அந்தப் பங்கு இன்னும் கொஞ்சம் கூடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது செவுள் எரிந்ததால்.

குளோரினும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஒரு இரவு வைத்தால் போதும் என்பது பாதி உண்மைதான். வாய் அகன்ற பாத்திரத்தில் காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டால் வெறும் குளோரின் போய்விடும். மூடிய வாளியில் அசையாமல் நிற்கும் தண்ணீரிலிருந்து அவ்வளவு சுலபமாகப் போகாது. உங்கள் குடிநீர் வாரியம் குளோரினுக்குப் பதில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்தால் ஒரு நாளுக்கு மேல் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். அதற்கு மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும். சோடியம் தயோசல்ஃபேட் என்ற சாதாரண மருந்து குளோரமினில் உள்ள குளோரினைத் தீர்க்கும், ஆனால் கூடவே இருந்த அம்மோனியாவை அவிழ்த்து விட்டுவிடும். ஆகவே அம்மோனியாவையும் கட்டிப்போடும் வகையைப் பார்த்து வாங்குங்கள். எது கலக்கிறார்கள் என்று தண்ணீர் தருகிறவர்களிடமே கேட்டுவிடலாம். கேட்க முடியாவிட்டால் குளோரமின்தான் என்று வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பு.

சரி, மிச்சமிருக்கும் ஐந்து மீன்களுக்கு இப்போது என்ன செய்வது? உங்கள் பயம் தவறான திசையில் இழுக்கிறது. தொட்டியின் பிஎச் ஏற்கனவே 7.4-க்கு வந்துவிட்டது, தாவல் முடிந்துவிட்டது. இனி தண்ணீர் மாற்றாமல் இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் உங்கள் ஃபில்டர் பாக்டீரியா இன்னும் எழுந்து உட்காரவில்லை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் சோதியுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று சோதனையில் தெரிந்துகொண்டே இருக்கும் வரை, சரியாகத் தயார் செய்த தண்ணீரால் தினமும் 25 முதல் 30 சதவீதம் மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள், ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். ஃபில்டரைத் தொட வேண்டாம். ஒரு சின்ன எச்சரிக்கை: அம்மோனியாவைக் கட்டும் மருந்து போட்டிருந்தால், சாதாரண சோதனைக் கிட் கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறி மருந்தை இரட்டிப்பாக்காதீர்கள்.

இதே மாதிரி பழைய, பிஎச் இறங்கிய தொட்டி வைத்திருந்து, இன்னும் தண்ணீர் மாற்றாதவர்களுக்கு வேறு வழி. அவர்கள் முதலில் அம்மோனியாவை அளக்க வேண்டும். அப்புறம் ஒரு நாளைக்கு 5, மிஞ்சினால் 10 சதவீதம் என்று இரண்டு வாரம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிஎச் மெல்ல ஏறும், பாக்டீரியாவும் கூடவே எழும். வேறு வேலை இருக்கிறது என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தால் உங்களுக்கு நடந்ததுதான் அவர்களுக்கும்.

இனி வழக்கமான மாற்றத்துக்கு வருவோம். எவ்வளவு என்ற கேள்விக்கு நைட்ரேட்தான் பதில். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு நைட்ரேட் 20 அலகு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால், நாளடைவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் அது 80-இல் போய் நிற்கும். பாதி மாற்றினால் 40-இல் நிற்கும். வாரம் இருமுறை பாதி பாதியாக மாற்றினால் 20. உங்கள் அளவுத் தொட்டிக்கு வாரம் இருமுறை 30 முதல் 40 சதவீதம் என்றுதான் நான் சொல்வேன். இனப்பெருக்கம் செய்பவர்கள் தினமும் பாதிக்கு மேல் மாற்றுவதைப் பார்த்து மிரள வேண்டாம். குஞ்சுகளுக்கு ஒரு நாளில் ஐந்தாறு முறை தீனி போடுகிறார்கள், அதுவும் மாட்டு இதயம் கலந்த கனமான தீனி. அந்த அழுக்குக்கு அந்த அளவு தண்ணீர் தேவை. வளர்ந்த மீனுக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது புதுத் தண்ணீரைத் தயார் செய்யும் விதம். தனியாக ஒரு டிரம் வாங்கி வையுங்கள், 100 லிட்டர் போதும். குழாய்த் தண்ணீரை நிரப்பி, மருந்து கலந்து, ஏர் ஸ்டோனும் ஹீட்டரும் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். குளோரின் மட்டுமே காரணமில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரியமில வாயு நிறைய இருக்கும். குழாயில் பிடித்தவுடன் அளந்தால் பிஎச் 7 காட்டும், காற்றடித்து அந்த வாயு போன மறுநாள் 7.8 காட்டும். உங்கள் தொட்டிக்குள் போகப்போவது அந்த 7.8 தான். அதேபோல் அழுத்தத்தோடு வரும் குளிர்ந்த தண்ணீரை உடனே சூடாக்கி ஊற்றினால் அதில் கரைந்திருந்த காற்று பொடிப்பொடிக் குமிழாக வெளிவரும். கண்ணாடியிலும் மீனின் துடுப்பிலும் அது ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகாகத் தெரியும், ஆனால் அளவு மீறினால் மீனின் இரத்தத்திலேயே குமிழ் கட்டும்.

மறுநாள் இரண்டு தண்ணீரையும் அளந்து ஒப்பிடுங்கள். வெப்பம் ஒரு டிகிரிக்குள், பிஎச் 0.3-க்குள் இருந்தால் தயங்காமல் ஊற்றலாம். கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். உப்பு அடர்த்தி திடீரென்று இறங்குவதை மீன் உடல் ஏறுவதைவிட மோசமாக உணரும். நான்கு மாதம் ஆவியாகி ஆவியாகி நிரப்பிய உங்கள் தொட்டியில் இந்த எண்ணும் நன்றாக ஏறியிருக்கும். வெப்பத்துக்குக் கையை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். 29 டிகிரி தொட்டியில் 80 லிட்டரை எடுத்துவிட்டு 24 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் மொத்தத் தொட்டியும் 27-க்கு இறங்கிவிடும். கைக்கு அந்த 24 வெதுவெதுப்பாகத்தான் தெரியும்.

பிஎச்சை இறக்க விற்கும் திரவங்களை வாங்காதீர்கள். கேஎச் அதிகமுள்ள தண்ணீரில் அவை இன்று இறக்கும், நாளைக்குப் பழைய இடத்துக்கே வரும். அந்த ஊஞ்சலாட்டம்தான் மீனை வாட்டும். தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ போன்ற கறுப்பு ஆறுகளில் பிடிபட்ட காட்டு டிஸ்கஸ் என்றால் மென்மையான அமிலத் தண்ணீர் அவசியம். தொட்டியில் பிறந்து வளர்ந்த வண்ண டிஸ்கஸ் பிஎச் 7.5-இலும் நிம்மதியாக இருக்கும், அந்த 7.5 அங்கேயே நின்றால் போதும். முட்டையிட வைக்க விரும்பினால் ஆர்.ஓ. தண்ணீர் கலக்கலாம். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கேஎச் இல்லை, உங்கள் நான்கு மாதக் கதை சில வாரங்களில் திரும்ப நடக்கும்.

மாற்றும் நாளில் தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள், மிஞ்சியதையும் சேர்த்து டியூபால் உறிஞ்சிவிடலாம். அதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்தேன். தண்ணீர் இறங்கி வெளியே தெரிந்த ஹீட்டரின் சூடான கண்ணாடியில் புதுத் தண்ணீர் பட்டதும் பட்டென்று விரிசல் விட்டது. நல்லவேளை, கை தொட்டிக்குள் இல்லை. ஊற்றுவதைச் சின்னப் பம்ப்பில் அரை மணி நேரமாக இழுத்துச் செய்யுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை அலச வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, வேறொரு நாளில். டிரம் இல்லாமல் குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்கு விடுபவர்கள் மருந்தை முழுத் தொட்டியின் அளவுக்குப் போட வேண்டும், அதுவும் தண்ணீர் விழுவதற்கு முன்பே.

மாற்றிய பிறகு பத்து நிமிடம் மீன் கொஞ்சம் கறுத்து, உடலில் கோடுகள் தெரிவது சகஜம். அரை மணி ஆகியும் துடுப்பை மடக்கிக்கொண்டு மேலே மூச்சு வாங்கினால் ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்து, குளோரினைத் தீர்க்கும் மருந்தை மறுபடி ஒரு முறை அளவாகப் போட்டு, உடனே அம்மோனியாவையும் பிஎச்சையும் பாருங்கள்.

செத்த மீனுக்குப் பதில் இன்னொன்றை இப்போது வாங்காதீர்கள். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் 200 லிட்டருக்கு ஐந்துதான் சரியான எண்ணிக்கை.