தஞ்சாவூர் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கலாமா?

ஓசூரில் பசுமைக்குடில் ரோஜாவில் சம்பாதிக்கிறார்களே, தஞ்சாவூரில் ஏன் முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். மானியம் கிடைக்கிறதே என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், ராத்திரி குளிரும், பெங்களூரு சந்தையும் பக்கம். நம்ம டெல்டாவில் சித்திரை, வைகாசி ராத்திரியில்கூட வெக்கை இறங்காது, அதற்கு மேல் பாலித்தீன் ஷீட் போட்டு மூடினால் உள்ளே அடுப்புதான். மொட்டு சிறுத்து, காம்பு நீளாமல் சீக்கிரம் விரிந்துவிடும். காம்போடு வெட்டி விற்கும் கொய்மலரில் காம்பு நீளம்தான் காசு. அப்புறம் ஐப்பசி, கார்த்திகைப் புயல். 2018 கஜாவில் தென்னையே சாய்ந்தது, ஷீட் எம்மாத்திரம்?

நிழல்வலை வேறு கதை. வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலைக்குக் கீழே, குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு செண்டுப்பூ விதை போட்டால் மூன்று, நான்கு வாரத்தில் நாற்று தயார். தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், வேர் சுற்றிய கட்டி உதிராமல் முழுசாக வந்தால் நடவுக்குக் கொடுக்கலாம். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கும் அதே வலை போதும். நீங்கள் கடலோரம் என்றால் வலை வாங்குவதற்கு முன்னால் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பரிசோதித்துவிடுங்கள், நாற்று அதில்தான் முதலில் கருகும்.