எழுத்து வேலைக்கு எந்த மென்பொருள்? ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகி): வீட்டிலிருந்தே ஆன்லைன் விற்பனைக்கு விளம்பர வாசகம் எழுதித் தருகிறேன். கருவாடு விற்பவர் ஒருவர், குண்டு மிளகாய் வியாபாரி ஒருவர், ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜ், இவ்வளவுதான் இப்போதைக்கு. ஏஐ எழுத்துக் கருவி ஒன்றின் ஆண்டுச் சந்தா 'இன்று மட்டும் பாதி விலை' என்று வருகிறது. வாங்கலாமா? வேறென்ன மென்பொருள் வேண்டும்?

பதில்: இன்றைக்கு வாங்க வேண்டாம். 'இன்று மட்டும்' சலுகைகள் பெரும்பாலும் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். பொய்யான அவசரம் காட்டி விற்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன.

முதலில் இலவசக் கணக்கில் சோதித்துப் பாருங்கள். உங்கள் மிளகாய் வியாபாரிக்கே நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். நம் குண்டு மிளகாய் உருண்டையானது, தோல் தடித்தது, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. கருவி தருவதில் இதெல்லாம் இருக்கிறதா, இல்லை எந்த ஊர் மிளகாய்க்கும் ஒட்டிக்கொள்கிற 'தரமான, பாரம்பரியமிக்க' வகையறாவா? பின்னது என்றால், அதைத் திருத்துகிற நேரத்தில் நீங்களே எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டும் கருவி தமிழில் தடுமாறுவது சகஜம். அதனால் விற்பனைப் பக்கத்து மாதிரிகளைப் பார்த்து மயங்காதீர்கள்.

அப்புறம், அளவு. பல திட்டங்களில் மாதத்துக்கு இத்தனை கிரெடிட் (பயன்பாட்டு அளவு) என்று ஒரு கணக்கு இருக்கும். ஏஐ மாடல்கள் எழுத்தை டோக்கன் என்கிற சிறு துண்டுகளாக உடைத்துத்தான் கையாளுகின்றன. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் டோக்கன் பொதுவாக அதிகம் செலவாகும். கிரெடிட் அந்தக் கணக்கில் குறைகிறது என்றால், ஒரு மாதத்துக்குப் போதும் என்று சொன்னது உங்களுக்குப் பாதியிலேயே தீர்ந்துபோகலாம். விலை டாலரில் இருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி தனியா என்று பாருங்கள். கார்டுக்கு வங்கி போடும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் வேறு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கருவி தன் பாட்டுக்கு 'மூட்டுவலியைக் குணப்படுத்தும் கருவாடு' என்று எழுதி வைத்துவிடும். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று இஷ்டத்துக்கு விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிமுறைகள் இடம் தருவதில்லை. நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கருவாட்டுக்காரர். அடுத்த மாதம் உங்களுக்கு வேலை தருவாரா?

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்? எழுதவும் வாடிக்கையாளரிடம் திருத்தம் வாங்கவும் கூகுள் டாக்ஸ் போதும். குரோமில் அதன் ஆஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே ஆன் செய்து வையுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் சிக்னல் போனாலும், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும் வரை எழுதலாம். தமிழ் எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி; இரண்டும் நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கியவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கில இலக்கணப் பிழை திருத்தும் கிராமர்லி தமிழுக்கு உதவாது. லாட்ஜுக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் இலவசப் பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் டிரெண்ட்ஸை மறக்காதீர்கள். 'கருவாடு' என்று தமிழிலும், அதையே ஆங்கில எழுத்திலும் தட்டி ஒப்பிட்டால், வாங்குகிறவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பது பிடிபடும். அதற்கும் காசு கிடையாது.

மூன்று வாடிக்கையாளர்களுக்கு இவ்வளவே தாராளம். வேலை குவிந்து, சோதனையிலும் கருவி தேறினால், மாதச் சந்தா ஒன்று போட்டுப் பாருங்கள். சந்தாவை நிறுத்திய பிறகு அதற்குள் எழுதி வைத்ததை வேர்டு (டாக்எக்ஸ்) ஃபைலாக வெளியே எடுக்க முடியுமா என்பதையும் கட்டும் முன்பே கேளுங்கள்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): ஏழு நாள் இலவசம் என்றதால் கார்டு விவரம் கொடுத்தேன். எட்டாம் நாள் ஓடிபி கூடக் கேட்காமல் பணம் எடுத்துவிட்டார்கள். இது எப்படி?

பதில்: ஆரம்பத்தில் ஒருமுறை ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான தொடர் சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தியையும் மெயிலையும் தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

உடனே செய்ய வேண்டியது, வங்கிச் செயலியில் அந்த ஆட்டோபே ஒப்புதலை ரத்து செய்வது. கருவியின் கணக்குக்குள் போய்ச் சந்தாவையும் தனியாக நிறுத்துங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ரத்து செய்யும் பட்டனையே ஒளித்து வைத்திருந்தால், அதுவும் மேலே சொன்ன வழிகாட்டுதல்களின் பட்டியலில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அங்கே தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கேள்வி (தொண்டி வாசகி): எம்எஸ் ஆஃபிஸ் 'வாழ்நாள் கீ' 400 ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

பதில்: அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் முறையான உரிமம் அல்ல. எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம், அப்போது விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. அதற்குப் பதிலாக அதே வேலைகளைச் செய்யும் லிப்ரே ஆஃபிஸை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். டாக்எக்ஸ் ஃபைலைத் திறக்கும், சேமிக்கும். தமிழ் யூனிகோடிலும் எழுதலாம்.