பாதி ஏணியில் நின்ற பக்திமான்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் யூத மத நூல்கள் காதலையும் சபலத்தையும் பெண்களையும் எப்படிப் பார்க்கின்றன என்று கேட்டவை மட்டும் இங்கே.

கே: யூத மத நூல்களில் பெண்களை வைத்து வேடிக்கைக் கதைகள் நிறைய உண்டாமே! ஆண்களின் சபலத்துக்குப் பெண்கள் தலையில் பழி போடுவதுதானே அவற்றின் வேலை?

ப: அப்படிப்பட்ட வரிகளும் உண்டு, பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் கதை என்று வந்துவிட்டால், தல்மூத்தில் (யூதச் சட்டங்களும் அறிஞர்களின் விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெருநூல்) அசடு வழிபவர் பெரும்பாலும் பக்திமான்தான். திருமணச் சட்டங்களைப் பேசும் கித்துஷின் பகுதியின் 81ஆம் ஏட்டைப் புரட்டுங்கள்.

பாபிலோனியாவின் நெகர்தேயா ஊர். பணம் கொடுத்து மீட்கப்பட்ட பெண் கைதிகளை 'பக்தர்' என்றே பெயர் வாங்கிய அம்ராம் வீட்டு மாடியில் தங்கவைத்தார்கள். முன்ஜாக்கிரதையாக ஏணியையும் எடுத்துவிட்டார்கள். மாடியில் ஒரு பெண் நடந்துபோனபோது திறப்பு வழியாகக் கீழே வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான். பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத ஏணியை அம்ராம் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சாத்தி, ஏறத் தொடங்கினார். பாதி ஏணியில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, "அம்ராம் வீட்டில் தீ!" என்று கத்தினார். ஓடிவந்த அறிஞர்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு, "எங்களை வெட்கப்பட வைத்துவிட்டீரே" என்றார்கள். "மறுமையில் வெட்கப்படுவதற்கு, அம்ராமால் இங்கேயே வெட்கப்படுவது மேல்" என்றார் அவர்.

இதில் அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? நடந்தாள். அதே ஏட்டில், பாவிகளைக் கேலி செய்துவந்த ரபி (மதகுரு) அகிவாவுக்கு சாத்தான் பெண் வேடத்தில் பேரீச்சை மர உச்சியில் தெரிகிறான். ரபி விறுவிறுவென்று மரமேறுகிறார். அவரைப் போலவே கேலி பேசிய ரபி மேயீருக்கு ஆற்றின் அக்கரையில் தெரிகிறான். ஓடம் இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார். இருவரையும் பாதி வழியில் சாத்தானே போனால் போகிறதென்று விட்டுவிடுகிறான். "எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம்" என்றவர்களுக்குத்தான் அடி.

கே: ஆணும் பெண்ணும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது என்ற விதி இன்றும் நடப்பில் இருக்கிறதா?

ப: மரபு வழுவாத யூதர்களிடம் இருக்கிறது. யிஹூத் என்பார்கள். தாவீது அரசனின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த பிறகு, மணமாகாத பெண்களுக்கும் இந்த விதி நீட்டப்பட்டதாகத் தல்மூத் சொல்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் விலக்கு உண்டு.

நடைமுறையில் பார்க்க வேண்டியது கதவை. தெருவைப் பார்த்த கதவு திறந்திருந்தால் போதும். பூட்டாமல் இருந்து, யாரும் எந்நேரமும் உள்ளே வரலாம் என்றால் அதையும் பலர் ஏற்கிறார்கள். பெண்ணின் கணவர் அதே ஊரில் இருந்தால் விதி தளரும். அலுவலகமென்றால் கதவில் கண்ணாடி வைப்பார்கள். கோட்டை விடுவது எங்கே என்றால், நள்ளிரவில். கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் தெருவில் ஈ காக்கை இருக்காது. பார்க்க ஆள் இல்லாத கதவு திறந்திருந்தென்ன, மூடியிருந்தென்ன? இந்த விதி நம்புவது மன உறுதியை அல்ல, யாராவது வந்துவிடக்கூடும் என்ற பயத்தை. ஏணியை ஒளித்தது அம்ராமைத் தடுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடிவந்ததுதான் காப்பாற்றியது.

கே: மனைவி சொல் கேட்பவன் நரகத்தில் விழுவான் என்று தல்மூத்தில் இருக்கிறதாமே. என் கணவர் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்.

ப: இருக்கிறது. பாவா மெட்சியா பகுதி, ஏடு 59. சொன்னவர் ரவ், 3ஆம் நூற்றாண்டில் சூரா கல்விக்கூடத்தை நிறுவியவர். மனைவி யேசபேல் பேச்சைக் கேட்டுக் கெட்ட ஆகாப் அரசன்தான் அவருக்கு ஆதாரம். உங்கள் கணவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார் போலிருக்கிறது. அடுத்த வரியிலேயே ரவ் பாப்பா என்ற வேறொரு அறிஞர் மறுக்கிறார்: "மனைவி குள்ளமாக இருந்தால் குனிந்து காதோடு காதாகப் பேசு என்று ஊரில் சொல்கிறார்களே?" வீட்டு விஷயத்தில் கேள், வெளி விஷயத்தில் வேண்டாம் என்று சமரசம் ஆகிறது. இன்னொரு கட்சி, மத விஷயம் தவிர மற்ற எல்லாவற்றிலும் கேள் என்கிறது.

ரவ் வீட்டு நிலவரமும் தெரிந்துகொள்ளுங்கள். யெவாமோத் 63ஆம் ஏட்டில் இருக்கிறது. அவர் பருப்பு கேட்டால் மனைவி கொண்டைக்கடலை சமைப்பார். கடலை கேட்டால் பருப்பு. மகன் ஹிய்யா வளர்ந்ததும், அப்பா சொன்னதை மாற்றி அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தான். கேட்டது கேட்டபடி தட்டில் வந்தது. "உன் அம்மா திருந்திவிட்டாளே!" என்று பூரித்தார் ரவ். குட்டு வெளிப்பட்டதும் மகனின் சமர்த்தை மெச்சிவிட்டு, பொய் நாக்குக்குப் பழகிவிடும், இனி செய்யாதே என்று தடுத்துவிட்டார். மறுபடி கடலைதான்.

இதே ரவ் சொன்னதாக சன்ஹெத்ரின் பகுதியில் இன்னொன்றும் வருகிறது. எண்ணாகமம் 16இல் மோசேக்கு எதிரான கோராகு கலகத்தில் பேலேத்தின் மகன் ஓன் பெயர் முதல் வசனத்தில் வரும், பிறகு வரவே வராது. காரணம் அவன் மனைவி. "யார் ஜெயித்தாலும் நீ சீடன்தான், உனக்கென்ன லாபம்?" என்று கேட்டாள். "சத்தியம் செய்துவிட்டேனே" என்றான். திராட்சை ரசத்தை நிறையக் கொடுத்து அவனைத் தூங்கவைத்தாள். பிறகு வாசலில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துப் போட்டாள். அழைக்க வந்தவர்கள் ஆசாரம் மிக்கவர்கள். தலைவிரி கோலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டார்கள். பூமி பிளந்து கோராகு கூட்டத்தை விழுங்கியபோது ஓன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். இதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

கே: தாம்பத்தியத்துக்குக் கூடக் கால அட்டவணை உண்டு என்பது உண்மையா?

ப: உண்மை. அது மனைவியின் உரிமை, கணவனின் கடமை. தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் தொழில்வாரியாகக் கணக்கு இருக்கிறது: வேலையற்ற வசதிக்காரர் தினமும், கூலித் தொழிலாளி வாரம் இரண்டு முறை, கழுதை ஓட்டுபவர் வாரம் ஒரு முறை, ஒட்டகம் ஓட்டுபவர் 30 நாளுக்கு ஒரு முறை, மாலுமி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கழுதைக்காரர் கூடுதல் வருமானத்துக்காக ஒட்டகத்துக்கு மாறலாமா? மனைவி சம்மதிக்க வேண்டும். நிறையக் காசோடு தள்ளி இருப்பவனைவிட, கொஞ்சம் சம்பாதித்துப் பக்கத்தில் இருப்பவனே அவளுக்குப் பிடிக்கும் என்பது தல்மூத்தின் கணிப்பு.

கே: இவ்வளவு தொல்லை தரும் இச்சையை ஒரேயடியாக ஒழித்துவிட்டால் என்ன?

ப: முயன்றிருக்கிறார்கள். தல்மூத்தின் யோமா பகுதி 69ஆம் ஏட்டின்படி, அறிஞர்கள் வேண்டிக்கொள்ள, காம இச்சையே அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. என்னைக் கொன்றால் உலகம் நின்றுவிடும் என்று அது எச்சரித்தது. மூன்று நாள் கட்டிப்போட்டார்கள். அதற்குள் நாடெங்கும் தேடியும் அன்றிட்ட முட்டை ஒன்றுகூட அகப்படவில்லை. கோழியும் ஓய்ந்துவிட்டது! பாதி இச்சை மட்டும் கேட்கலாமா என்று யோசித்தார்கள்; மேலே பாதி தரும் வழக்கமில்லை. கடைசியில் கண்ணைக் குருடாக்கி விட்டுவிட்டார்கள். நெருங்கிய உறவுகள் மீது இச்சை எழாததற்கு அதுதான் காரணமாம்.